விளிம்போடு

எங்கள் வீட்டில் ஒரு ரோல் ஃபிலிம் தீர ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். அக்ஃபா கிளிக் 3 கேமரா, 120 ரோல், சதுரம் சதுரமாக 12 படம். பொங்கலுக்கு இரண்டு, அக்காவின் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒன்று, பம்பாயிலிருந்து பெரியப்பா குடும்பம் வந்தால் இரண்டு, மீதி யார் வீட்டுக் கல்யாணத்துக்காவது என்று அப்பா மனசுக்குள் பங்கு போட்டு வைத்திருப்பார். கேமராவுக்குள் ரோல் கிடக்கும் காலத்திலேயே ஒரு குழந்தை பிறந்துவிடும், ஒரு கிழவர் போய்ச் சேர்ந்துவிடுவார், பசு கன்று ஈனும். கேமராவின் முதுகில் இருக்கும் சிவப்பு ஜன்னலில் 12 என்ற எண் வந்து நின்ற பிறகுதான் ரோல் ஸ்டூடியோவுக்குப் போகும். கழுவி வந்த சுருளை விரித்தால் அந்த வருஷம் நடந்த வரிசையிலேயே கிடக்கும்.

ஆல்பத்தில் அந்த வரிசை கிடையாது. பிரிண்ட் போட்டவை மட்டும்தான் ஆல்பத்துக்குப் போயின. பிரிண்டுக்குத் தனிக் காசு. ஸ்டூடியோக்காரர் நெகடிவை டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, “இது ஆடிப்போச்சு சார், இதுல கண்ணை மூடிட்டாங்க” என்று சொல்லிக்கொண்டே போவார். அவர் தள்ளியவை, அப்பா வேண்டாம் என்றவை, பணம் வந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டவை எல்லாம் பழுப்புக் கவருக்குள்ளேயே நின்றுவிட்டன. கவர்கள் பிஸ்கட் டின்னுக்குள், டின் டிரங்குப் பெட்டிக்குள், பெட்டி பரண்மேல். அப்பா போன பிறகு மாயவரத்து வீட்டைக் காலி செய்தபோது அந்தப் பெட்டி என்னிடம் வந்தது. இரவுகளில் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாக டிஜிட்டலுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஆல்பத்தில் நான் பார்த்தேயிராத எங்கள் வீடு அதற்குள் இருக்கிறது.

இதை வீட்டில் செய்ய இரண்டு மூன்று வழி உண்டு. ஆபீஸ்களில் இருக்கும் சாதாரண ஸ்கேனர் உதவாது. அது காகிதத்தின்மேல் வெளிச்சம் அடித்து, திரும்பி வருவதைப் படிக்கும். நெகடிவுக்கு வெளிச்சம் ஊடுருவி வர வேண்டும். மூடிக்குள் விளக்கு வைத்த எப்ஸன் வி600 போன்ற ஸ்கேனர்கள் அதற்காகவே வந்தவை. ஃபிலிமுக்கென்றே செய்யப்பட்ட நிக்கான் கூல்ஸ்கேன் இன்னும் நுட்பமாகப் படிக்கும். அதைத் தயாரிப்பதை நிறுத்தி வெகுகாலமாகிறது, கைமாறிய பழைய மெஷினைத்தான் தேட வேண்டும். நான் பிடித்துக்கொண்டது மூன்றாவது வழி. மேக்ரோ லென்ஸ் போட்ட டிஜிட்டல் கேமராவைக் கீழ்நோக்கி ஸ்டாண்டில் மாட்டி, அடியில் எல்.இ.டி. பலகை வைத்து, நெகடிவையே படம் பிடிப்பது. பலகையின் வெளிச்சத்தில் எல்லா நிறமும் நிறைவாக இருக்க வேண்டும், சி.ஆர்.ஐ. என்று போட்டிருக்கும் எண் 95-க்குக் குறையாமல் பார்த்து வாங்குவது நல்லது. பலகையிலிருந்து ஃபிலிமை ஓரிரு அங்குலம் தூக்கி வைத்தால் பலகைமேல் கிடக்கும் தூசி படத்தில் விழாது. கேமரா சாயாமல் நிற்கிறதா என்று தெரிந்துகொள்ள அழகான ஒரு வழி இருக்கிறது. ஃபிலிம் இருக்கும் இடத்தில் ஒரு சின்ன முகக்கண்ணாடியை வைத்து கேமரா வழியே பார்க்க வேண்டும். லென்ஸின் பிம்பம் நட்ட நடுவில் விழுந்தால் கேமரா நேராக நிற்கிறது.

அறையில் வேறு வெளிச்சம் கூடாது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, கதவிடுக்குக்குப் பழைய வேட்டி. மின்விசிறியும் கூடாது, தூசி கிளம்பும். சித்திரை மாதத்தில் அது சாதாரணக் காரியமில்லை. ஆனாலும் அந்த இருட்டில் உட்காரும்போதெல்லாம் எனக்குச் சித்தப்பா நினைப்பு வந்துவிடும், புழுக்கம் மறந்துபோகும்.

சித்தப்பா ஊட்டியில் எச்.பி.எஃப்.பில் வேலை பார்த்தவர். இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். மத்திய அரசு 1960-ல் நிறுவி, 1967-ல் உற்பத்தி தொடங்கிய ஆலை. ஊரில் எல்லோருக்கும் அது ஃபிலிம் ஃபேக்டரி. அதன் ஃபிலிமுக்கு ‘இந்து’ என்று பெயர், அந்தப் பகுதிக்கே இந்து நகர் என்று பெயர் வந்துவிட்டது. சித்தப்பாவுக்குக் கோட்டிங் பிரிவு. வெள்ளி உப்பின் நுண்துகள் கலந்த ஜெலட்டினைச் சூடாக்கி, ஓடிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் படலத்தின்மேல் மயிரிழை கனத்துக்கும் குறைவாகப் பூசி, உடனே குளிர வைத்து உறையச் செய்து, பிறகு உலர்த்துவது. கறுப்பு வெள்ளை கேமரா ஃபிலிம் எல்லா நிற வெளிச்சத்துக்கும் விழித்திருக்கும். அதனால் பிரிண்ட் போடும் அறையில் எரிகிற சிவப்பு விளக்குகூட அங்கே ஆகாது. முழு இருட்டு. எட்டு மணி நேரம் அதற்குள் நடமாட்டம்.

“எதிரே ஆள் வந்தா எப்படிச் சித்தப்பா தெரியும்?” என்று சின்ன வயசில் கேட்டிருக்கிறேன்.

“குரல் கொடுத்துக்கிட்டே நடப்போம்டா. எனக்கு அங்கே பாதிப் பேரைக் குரல்லதான் முதல்ல தெரியும். ஷிஃப்ட் முடிஞ்சு வெளியே வந்து டீக்கடையில பார்த்தாத்தான் ஓ, இவர்தானா அவர்னு தெரியும்.”

லீவுக்கு வரும்போது அவர் பையில் தைல பாட்டில், வர்க்கி, கேரட்டோடு இரண்டு இந்து ரோலும் இருக்கும். எங்கள் வீட்டு 12 படங்கள் பெரும்பாலும் அப்படி வந்த ரோல்களில் எடுத்தவை. அவர் இருட்டில் பூசிய வெள்ளிதான் எங்கள் பாட்டியின் முகமாக வந்து நிற்கிறது.

வெள்ளி என்று நான் உபசாரமாகச் சொல்லவில்லை. கறுப்பு வெள்ளை நெகடிவில் கறுப்பாகத் தெரிவது அசல் உலோக வெள்ளியின் நுண்மணிகள். அதனால்தான் அந்தக் காலத்தில் ஸ்டூடியோவை மூடும்போது நெகடிவ்களை எடைக்குப் போட்டார்கள். வாங்கியவர்கள் வெள்ளியைப் பிரித்து எடுத்தார்கள். எக்ஸ்ரே ஃபிலிமுக்கும் அதே கதி. தமிழ்நாட்டில் எத்தனை ஊர்களின் முகங்கள் அப்படி உருகிப் போயிருக்கும் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது. மிஞ்சியதைக் காப்பாற்ற நடந்த வேலைகளும் உண்டு. பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களை ஊர் ஊராகத் தேடி டிஜிட்டலாக்கினார்கள். அவர்கள் செய்ததை அறிந்த பிறகுதான் பரண்பெட்டியை வேறு கண்ணோடு பார்க்கத் தோன்றியது.

இந்த வெள்ளி ஸ்கேன் செய்யும்போது ஒரு சங்கடத்தைக் கொண்டுவருகிறது. நல்ல ஃபிலிம் ஸ்கேனர்களில் தூசியையும் கீறலையும் தானாகவே நீக்கும் வசதி உண்டு, டிஜிட்டல் ஐஸ் என்று அதற்குப் பெயர். சாதாரண வெளிச்சத்தோடு அகச்சிவப்புக் கதிரையும் ஒரு முறை ஃபிலிம் வழியாக விட்டுப் பார்க்கும். கலர் ஃபிலிமில் இருப்பவை சாயங்கள். அகச்சிவப்பு அவற்றைத் தடையில்லாமல் கடந்து போய்விடும். தூசியும் கீறலும் மட்டும் நிழலாக விழும். அந்த நிழல் விழுந்த இடங்களை அக்கம்பக்கத்தைப் பார்த்து மென்பொருள் நிரப்பிவிடும். வெள்ளியோ அகச்சிவப்பையும் மறித்துக்கொள்ளும். பாட்டியின் கண்ணும் புருவமும் புடவைக் கரையும் எல்லாமே தூசி என்று அந்த மெஷினுக்குத் தோன்றும். ஆகவே கறுப்பு வெள்ளைக்கு ரப்பர் குமிழை அமுக்கிக் காற்றடித்து, மெல்லிய தூரிகையால் தள்ளி, மிச்சத்தைக் கணினியில் புள்ளி புள்ளியாக எடுக்க வேண்டும். நேரம் போகும். அந்த நேரம் முழுக்க அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம் என்பதால் எனக்கு அதில் குறையில்லை.

அகச்சிவப்பு பற்றிப் படித்தபோது 1980 பிப்ரவரி 16 ஞாபகம் வந்தது. அன்று சூரிய கிரகணம். கர்நாடகம், ஆந்திரம் வழியாக முழு நிழல் போயிற்று. எங்களுக்குப் பகுதி கிரகணம். பெரியவர்கள் வீட்டுக்குள் அடைந்திருந்தார்கள். அண்ணனும் அவன் கூட்டாளிகளும் கொல்லைப்புறத்தில் நெகடிவ் துண்டுகளைக் கண்ணில் வைத்துச் சூரியனைப் பார்த்தார்கள். அந்தத் தெருவில் எல்லாப் பையன்கள் கையிலும் நெகடிவ் இருந்தது. எந்த நெகடிவ் வழியாகவும் சூரியனைப் பார்க்கக் கூடாது. அதிலும் கலர் நெகடிவ் மகா கெடுதல். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு, தெரியாத அகச்சிவப்பை அப்படியே விழித்திரைக்கு இறக்கிவிடும். ஸ்கேனரில் தூசியைக் காட்டிக்கொடுக்கிற அதே குணம். நல்லவேளை, அண்ணன் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவன் வெட்டியெடுத்த ஒரு கட்டம் போனது போனதுதான். அந்த ரோலில் 7 இருக்கிறது, 9 இருக்கிறது. நடுவில் கத்தரிக்கோல் போன தடம். ஏழாவதில் அம்மா வாசலில் பெரிய கோலம் போட்டு முடித்து நிமிர்கிறாள். ஒன்பதாவதில் வெறும் தெரு, தூரத்தில் ஒரு வண்டி போகிறது. யாரோ வந்து போயிருக்கிறார்கள். எட்டாவது கட்டத்தில் அவர்கள் இருந்திருப்பார்கள்.

பிரிண்டாக இருந்தால் ஒரு படம் காணாமல் போனது யாருக்கும் தெரிந்திருக்காது. ஃபிலிமில் தெரிகிறது. இதனால்தான் நான் ஒவ்வொரு துண்டையும் முதலில் முழுசாக, விளிம்பு, எண், கம்பெனிப் பெயர், கட்டங்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடம், வெளிச்சம் பட்டுக் கருகிய தலைப்பு உட்பட ஒரே படமாக எடுத்து வைக்கிறேன். தனித்தனிக் கட்டங்கள் அதற்குப் பிறகுதான். நல்ல படங்களை மட்டும் பொறுக்கி ஸ்கேன் செய்தால் போதுமே என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பொறுக்குகிற வேலையை ஸ்டூடியோக்காரரும் அப்பாவும் ஒரு தடவை செய்து முடித்துவிட்டார்கள். அவர்கள் பொறுக்கியது ஆல்பத்தில் இருக்கிறது.

அவர்கள் தள்ளியதில் ஒன்றைச் சொல்கிறேன். கிளிக் 3-ல் ஃபிலிமைச் சுற்றாமலே இன்னொரு முறை பொத்தானை அமுக்க முடியும். அப்படி அப்பா ஒரே கட்டத்தில் இரண்டு படம் எடுத்துவிட்டிருக்கிறார். ஒன்று, திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் பாட்டி. மற்றது, ஐப்பசி கடைசி நாள், துலாக் கட்டத்தில் கடைமுழுக்குக் கூட்டம். காவிரியின் படித்துறையும் தலைகளும் பாட்டியின் புடவைக்குள் ஓடுகின்றன. “வேஸ்ட்” என்று கவரில் பென்சிலால் எழுதியிருக்கிறது. இதை லேப்டாப்பில் பெரிதாக்கி அத்தைக்குக் காட்டினேன். அத்தை, அப்பாவுக்கு மூத்தவள். எண்பது தாண்டி வெகுநாளாயிற்று. கண் மங்கல், ஞாபகம் மங்கவில்லை.

“அம்மா காவேரிக்குள்ளேயே உக்காந்திருக்கா பாரு,” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “அந்த வருஷம்தான் அம்மாவால கடைமுழுக்குக்கு நடந்து போக முடியல. என்னை விட்டுட்டுப் போறீங்களேன்னு திண்ணையில உக்காந்து அழுதா. உங்கப்பன் போட்டோ எடுத்துச் சமாதானம் பண்ணினான்.”

ஒரு முழு நாள் அந்த வேஸ்ட்டுக்குள் இருந்திருக்கிறது.

எந்த வருஷம் என்று அத்தையால் சொல்ல முடியவில்லை. வருஷத்தைக் கண்டுபிடிக்கக் கவர்கள் உதவும். ஸ்டூடியோவின் ரப்பர் ஸ்டாம்பில் மாயூரம் என்று இருந்தால் 1982-க்கு முந்தியது என்று கொள்ளலாம். அந்த வருஷம்தான் ஊரின் பெயர் மயிலாடுதுறை ஆயிற்று. தேய்ந்துபோகும்வரை பழைய ஸ்டாம்பையே குத்தியிருப்பார்கள் என்பதால் ஓரிரு வருஷம் முன்பின் இருக்கலாம். விலாசத்தில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தியது. துலாக் கட்டக் கவரில் மாயூரம் இருக்கிறது, பின்கோடு இல்லை. ரோல் சித்தப்பா கொண்டுவந்தது, அவர் ஊட்டிக்குப் போன வருஷம் எங்களுக்குத் தெரியும். மூன்றையும் வைத்துப் பார்த்தால் 1970 அல்லது 71.

அதைவிடப் பழையது தாத்தாவின் படம். ஸ்டூடியோவில் எடுத்தது, உள்ளங்கை அகல நெகடிவ். ஆல்பத்தில் தாத்தாவின் முகம் வழவழவென்று இருக்கும். பளிங்குத் தாத்தா என்று நாங்கள் சொல்வோம். நெகடிவைப் பலகையில் வைத்துப் பெரிதாக்கினால் கன்னம் முழுக்கப் பொடிப் பொடிப் பென்சில் கோடுகள். அந்தக் காலத்து டச்சிங். நெகடிவின் மங்கலான பக்கத்தில், மருந்து பூசிய பக்கத்தில், கூர்சீவிய பென்சிலால் கொத்துவது. முகத்தில் குழி இருந்தால் அங்கே நிழல் விழும். நிழல் விழுந்த இடம் நெகடிவில் வெளுப்பாக இருக்கும். அந்த வெளுப்பைக் கரியால் அடைத்தால் பிரிண்டில் குழி மறைந்துவிடும். தாத்தாவுக்கு ஒரு குழியா இரண்டா. அத்தையிடம் கேட்டேன்.

“அம்மை போட்டுப் பிழைச்ச முகம்டா அது. பத்து வயசுல. வீட்டுல நாலு பேருக்குப் போட்டுச்சு, அவர் ஒருத்தர்தான் எழுந்தார்.”

எங்களில் யாருக்கும் இது தெரியாது. பென்சில்காரர் அவ்வளவு நன்றாக வேலை செய்திருக்கிறார். ஸ்கேன் செய்த கோப்பில் அந்தக் கோடுகளை நான் தொடவில்லை. தாத்தா பிழைத்த அம்மையும் முகம் தெரியாத அந்த மனிதரின் கைநேர்த்தியும் இரண்டும் அதில் இருக்கட்டும். நெகடிவில் கை வைப்பது நம் பக்கத்தில் புகைப்படம் வந்த நாள்தொட்டே உண்டு. சென்னை மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரராக இருந்த லின்னியஸ் டிரைப் 1858-ல் மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களைக் காகித நெகடிவில் எடுத்தார். வானத்தில் மேகமும் மரங்களில் தழையும் சரியாக விழாதபோது நெகடிவிலேயே வண்ணம் தீட்டிச் சேர்த்தார். அதே மனிதர்தான் பெரிய கோயில் விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே வரிசையாக்கினார். கல்வெட்டை எங்கே வெட்டினாலும் அர்த்தம் போய்விடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கலர் நெகடிவ்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தொண்ணூறுகளின் கோனிகா, கோடக் ரோல்கள், அண்ணன் கல்யாணம், பேரப்பிள்ளைகளின் காதுகுத்து. அந்த நெகடிவ்களின் ஆரஞ்சு நிறம் அழுக்கோ பழுப்போ இல்லை. சாயங்களின் குறைகளை ஈடுகட்ட ஃபிலிமிலேயே வைத்த திரை. படமில்லாத ஓரத்தின் ஆரஞ்சை முதலில் கழித்துவிட்டுத்தான் நிறத்தைத் திருப்ப வேண்டும். இதற்கும் விளிம்பு வேண்டியிருக்கிறது பாருங்கள்.

மனசு போய் நிற்பது அப்பாவின் ஸ்லைடுகளில்தான்.

அப்பா விவசாய இலாகாவில் இருந்தார். தஞ்சாவூர் ஜில்லாவில் 1960-61-ல் தொடங்கிய தீவிர வேளாண்மைத் திட்டத்தை ஊரில் ‘பேக்கேஜ் புரோகிராம்’ என்பார்கள், அதில் சேர்ந்தவர். குத்தாலம், மணல்மேடு, செம்பனார்கோயில் என்று சைக்கிளிலும் பிறகு மோட்டார் சைக்கிளிலும் சுற்றியவர். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1960-களின் நடுவில் ஏ.டி.டி. 27 வந்தது; குறுவைக்கு ஏற்ற குறுகிய காலப் பயிர். அதை வயல் வயலாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் அப்பாவும் ஒருவர். இலாகா கேமராவில் பயிரைப் படமெடுப்பார். கிழக்கு ஜெர்மனியின் ஆர்வோகுரோம் ஸ்லைடு ஃபிலிம். ராத்திரி பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, புரொஜெக்டரில் போட்டுக் காட்டுவார். நானும் கூடப் போயிருக்கிறேன். விளக்குச் சூட்டில் ஸ்லைடு லேசாக உப்பி, படம் ஒரு கணம் மங்கும். அப்பா லென்ஸைத் திருகித் திரும்பத் தெளிவாக்குவார். இலை ஆளுயரத்துக்கு நிற்கும். “இதான், இதேதான் நம்ம வயல்ல” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் எழும். அந்தக் குரல் எழுவதற்காகத்தான் அப்பா அத்தனை தூரம் மிதித்திருக்கிறார்.

அவர் காட்ட விரும்பியது நிறத்தை. தழைச்சத்து குறைந்தால் அடி இலைகள் முதலில் வெளிறி மஞ்சளாகும். துங்ரோ நோய் வந்தால் மஞ்சளோடு ஆரஞ்சு கலந்த வேறொரு நிறம், பயிரும் குட்டையாகும். புகையான் விழுந்தால் வயல் நடுவே வட்ட வட்டமாகக் காய்ந்து தீய்ந்திருக்கும். முதலாவதுக்கு உரம் போட வேண்டும். மற்ற இரண்டுக்கும் உரத்தை அள்ளிப் போட்டால் கேடு கூடும். நிறத்தைத் தவறாகப் படித்தால் ஒரு குடும்பத்தின் போகம் போய்விடும்.

அந்த ஸ்லைடுகள் இப்போது எல்லாமே சிவந்து கிடக்கின்றன. மூன்று சாயங்களில் நீலப்பச்சைச் சாயம் எல்லாவற்றுக்கும் முன்னால் வெளுத்துவிட்டது. பச்சை வயல், மஞ்சள் வயல், தீய்ந்த வயல் மூன்றும் ஒரே செம்மண் நிறம். மென்பொருளில் ‘ஆட்டோ’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் கண்ணுக்கு இதமான பச்சை வரும். நோய் வந்த இலையையும் அது பச்சையாக்கிவிடும். வயலென்றால் பச்சை என்றுதான் அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அப்பா சிரமப்பட்டுப் படம் பிடித்த மஞ்சளை அழிப்பதற்கு நான் ஆளில்லை. ஆகவே கையால் செய்கிறேன். நல்லகாலமாக, ஒவ்வொரு வயலிலும் அவர் ஒரு வெள்ளைப் பலகை நட்டு, ரகத்தின் பெயரும் நட்ட தேதியும் கறுப்பில் எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பலகை வெள்ளையாகவும் எழுத்து கறுப்பாகவும் வரும்வரை சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே இழுத்துச் சரிசெய்தால் இலையின் நிறம் அதோடு கூடவே எழுந்து வருகிறது. பலகை இல்லாத ஸ்லைடில் யாராவது கட்டியிருக்கும் வேட்டி இருக்கும். மஞ்சளும் ஆரஞ்சும் முதல் தடவை பிரிந்து நின்றபோது நான் எழுந்து அறைக்குள்ளேயே நடந்தேன்.

ஸ்லைடு அட்டையின் ஜன்னல் படத்தைவிடச் சற்றுச் சின்னது. நான்கு பக்கமும் கொஞ்சம் படம் அட்டைக்குள் ஒளிந்திருக்கும். சில அட்டைகள் பூஞ்சை பிடித்து உப்பிவிட்டதால் பிரிக்க வேண்டியிருந்தது. பிரித்தால் ஓரத்தில் ஆட்கள். ஒரு படத்தில், ஏ.டி.டி. 27 பலகைக்கு வலப்பக்கம், சேறு படிந்த ஒரு கையும் நாற்று முடியும். இன்னொன்றில் வரப்பில் குழந்தையை உட்கார வைத்துவிட்டுக் குனிந்திருக்கும் ஒரு பெண்ணின் முதுகு. இலாகாவுக்குப் பயிர்தான் வேண்டும், அதனால் அப்பா பயிரைத்தான் நடுவில் வைத்தார். நட்டவர்கள் அட்டைக்குள் போனார்கள். கூலி உயர்வு கேட்ட ஊரில் 1968 டிசம்பரில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட ஜில்லா அது; கீழ்வெண்மணி எங்கள் ஊரிலிருந்து தூரமில்லை. அந்தக் கைகளின் பெயரை அத்தையாலும் சொல்ல முடியாது. அப்பா வீட்டுப் படங்களில் எல்லோர் பெயரையும் எழுதிவைத்தவர். ஸ்லைடு அட்டைகளில் ஊர், ரகம், நாள் மட்டும்தான். நான் அந்தக் கோப்புகளில் “நடவு நட்டவர், பெயர் தெரியவில்லை, மணல்மேடு பக்கம்” என்று எழுதுகிறேன். இந்த வருஷம் அந்த ஸ்லைடுகளைப் பிரிண்ட் போட்டு மணல்மேட்டுக்கு எடுத்துப் போவதாக இருக்கிறேன். வரப்பில் உட்கார்ந்திருக்கும் அந்தக் குழந்தைக்கு இப்போது அறுபதுக்குள்தான் இருக்கும்.

பூஞ்சையைப் பற்றி ஒரு வார்த்தை. காவிரிக் கரை ஈரத்தில் அது வராமல் இருக்காது; அதற்கு ஜெலட்டின்தான் சாப்பாடு. பூஞ்சை பிடித்த ஃபிலிமைத் தண்ணீரில் போடவே கூடாது. அது தின்ற இடத்தில் ஜெலட்டின் கரையக்கூடியதாகிவிடும், கழுவினால் படமே வழிந்து போகும். தண்ணீர் கலக்காத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, அழுத்தாமல் ஒற்றி எடுக்கலாம். டின்னைத் திறந்ததும் காடி வாடை அடித்தால் அது வேறு நோய். அசிடேட் ஃபிலிமே அழிய ஆரம்பித்திருக்கிறது. வெளியாகும் அமிலம் அழிவை இன்னும் வேகமாக்கும், பக்கத்திலுள்ள சுருளுக்கும் பரவும். அந்தச் சுருளை உடனே தனியாக்கி, முதலில் அதை ஸ்கேன் செய்துவிட வேண்டும். பி.வி.சி. உறைகள் ஒட்டிக்கொள்ளும், வேண்டாம். ஸ்கேன் செய்த பிறகும் நெகடிவைத் தூக்கிப் போட வேண்டாம். நன்றாகக் கழுவிய வெள்ளி நம் ஹார்ட் டிஸ்க்குகளைவிட நெடுங்காலம் இருக்கும். கோப்புகளில் ஒரு பிரதியை வேறு ஊரில் வையுங்கள். என்னுடையது அக்கா வீட்டில் இருக்கிறது.

சித்தப்பா இப்போது கோயம்புத்தூரில் மகன் வீட்டில். அவர் வேலை பார்த்த ஆலை நஷ்டத்தில் விழுந்து மூடப்பட்டுவிட்டது. அப்பா ஏதோ ஒரு வீட்டு வாசலில் பனியனோடு நின்று சிரிக்கும் படத்தை வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பினேன். யாருமே பார்த்திராத சிரிப்பு. பிரிண்ட் போடாத கட்டம். உடனே போன் வந்தது.

“இது நம்ம ரோலா?”

“ஆமா சித்தப்பா, நீங்க கொண்டாந்ததுதான்.”

“படம் சரி. ஓரத்தைக் காணோமே? விளிம்போட எடுத்து அனுப்பு.”

விளிம்போடு எடுத்தது இருந்தது, அனுப்பினேன். அதில் படமில்லாத இடத்தைத்தான் அவர் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். கழுவாத ஃபிலிம் நாளாக நாளாக, வெளிச்சம் படாத இடத்திலும், தானே லேசாகக் கறுத்துப்போகும், கோட்டிங் சரியில்லை என்றால் பட்டை பட்டையாகத் தெரியும். திரும்பக் கூப்பிட்டபோது குரலில் அப்படியொரு உற்சாகம். “ஃபாக் ஏறவே இல்லடா. பட்டை அடிக்கல. ஐம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, எப்படி நிக்குது பாரு.” கிலோமீட்டர் கணக்கில் ஃபிலிம் பூசியவர். அதில் ஊரார் என்ன படமெடுத்தார்கள் என்று பார்க்கும் வாய்ப்பு அவருக்கு வந்ததில்லை. அவர் கையை விட்டுப் போகும்போது எல்லாமே வெறுமையாகத்தான் இருந்தது. மற்ற இந்து ரோல்களையும் அனுப்பச் சொன்னார். கடைசியில்தான் படத்துக்கு வந்தார். “அண்ணன் நிக்கிறது மணல்மேடு வாடகை வீடுதானே?”

அத்தையிடம் சொன்னேன். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது.

“மணல்மேடா? குத்தாலம் வீடுடா அது. அவன் அப்போ ஊட்டியில இருட்டுக்குள்ள இருந்தான், அவனுக்கு என்ன தெரியும். அடுத்த படத்தைப் போடு, கிணறு தெரியும் பாரு.”